பிரிட்டனில் ‘படேல்’: ஒரு குடும்பப் பெயரின் வேரையும் பரவலையும் தேட முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர்களை வரிசையாக எடுத்தால் ஸ்மித், ஜோன்ஸ், டெய்லர் என்று போகும். முதல் ஐம்பது முடிவதற்குள் படேல் வந்துவிடும். லண்டன் பெருநகரை மட்டும் தனியாகப் பார்த்தால் முதல் சில இடங்களுக்கே ஏறிவிடும். இதே பெயரை 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினால் கிட்டத்தட்ட ஒன்றுமே அகப்படாது.

இந்தப் பெயரை ஆராயக் கிளம்புகிறவர்களில் பலர் இணையத்தில் ஒரு வரைபடத்தைப் பார்க்கிறார்கள். லெஸ்டரும் வெம்பிளியும் அடர் நிறத்தில் இருக்கின்றன, ‘குஜராத்திகள் வாழும் இடம்’ என்று எழுதிவிட்டு முடித்துவிடுகிறார்கள். பாதிக் கதை அங்கேயே போய்விடுகிறது. படேல் என்பது ஒரு சாதியோ மதமோ ஊரோ அல்ல. அது ஒரு பதவி. அந்தப் பதவியில் இருந்தவர்கள் பல தரப்பினர். பிரிட்டனுக்கு வந்ததும் வெவ்வேறு வழியாக, வெவ்வேறு காலத்தில். அதனால் ஒவ்வொரு படியிலும் ‘எந்தப் படேல்?’ என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு படேலும் இன்னொரு படேலும் சந்தித்தால் முதலில் விசாரிப்பதும் ‘கயு காம்?’, அதாவது எந்த ஊர் என்றுதான்.

படி 1: பதவியிலிருந்து தொடங்குங்கள்

மத்திய கால மாளவத்துச் செப்பேடுகளில் ஊர்த் தலைவரை ‘பட்டகில’ என்று குறிப்பிடுகிறார்கள். நிலம் பற்றிய எழுத்துரிமையைக் கையில் வைத்திருப்பவர் என்று பொருள் சொல்வார்கள். நம் தாலுகா அலுவலகத்துப் பட்டாவும் இதே வேரில் வந்த சொல்தான். அது மராத்தியிலும் வட கர்நாடகத்திலும் பாட்டீல் ஆனது, குஜராத்தியில் படேல் ஆனது. பழைய ஹைதராபாத் சமஸ்தானத்திலும் ஊருக்கு ஒரு படேல், ஒரு பட்வாரி (கணக்குப்பிள்ளை) இருந்தார்கள். ஊரில் வரி வசூலிப்பது, வழக்கைத் தீர்ப்பது, மேலிடத்துக்குப் பதில் சொல்வது எல்லாம் படேலின் வேலை. பரம்பரைப் பதவி என்பதால் நாளடைவில் அது வீட்டுப் பெயராக ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு குழப்பம் வரும். குஜராத்தின் பெரிய உழவர் சமூகம் பட்டிதார். ஊர் நிலத்தில் பங்கு உள்ளவர் என்று பொருள். முன்பு இவர்களைக் கண்பி என்றார்கள். பங்குதாரர்களாக வலுவடைந்தபின் பட்டிதார் என்ற பெயரையே விரும்பினார்கள். 1931 கணக்கெடுப்பில் அதுவே பதிவானது. பட்டிதார்களில் மிகப் பலருக்குப் படேல்தான் குடும்பப் பெயர். ஆனால் அமீன், தேசாய் என்று வேறு பதவிப் பெயர்களை வைத்துக்கொண்ட பட்டிதார்களும் உண்டு. படேல் என்ற பெயரோடு பட்டிதார் அல்லாதவர்களும் நிறைய.

படி 2: எந்தப் படேல் என்று பிரியுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். இங்கே தவறினால் அப்புறம் எத்தனை ஆவணம் சேர்த்தாலும் வேறு யாரோ ஒருவரின் தாத்தாவில் போய் நிற்பீர்கள்.

பிரிட்டனில் பெரிய தரப்பு சரோத்தர் லேவா பட்டிதார்கள். லேவா என்பது பட்டிதார்களில் ஒரு கிளை. சரோத்தர் என்பது ஆனந்த், நடியாத் ஊர்களைச் சுற்றிய வளமான சமவெளி. பழைய கேடா மாவட்டம். சர்தார் வல்லபாய் படேலின் ஊரான கரம்சத் இங்கேதான். இங்கே திருமணம் ‘கோள்’ என்ற வட்டத்துக்குள் நடக்கும். சில ஊர்கள் சேர்ந்து, பெண் கொடுப்பதும் எடுப்பதும் தங்களுக்குள்தான் என்று வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. இவற்றில் பேர்பெற்றது ‘ச காம்’ எனும் ஆறு ஊர் வட்டம்: நடியாத், வசோ, கரம்சத், தர்மஜ், சோஜித்ரா, பாத்ரண். ஐந்து ஊர், இருபத்தேழு ஊர் என்று வேறு வட்டங்களும் உண்டு. சொந்த ஊருக்குள் கல்யாணம் கிடையாது, வட்டத்துக்கு வெளியேயும் கிடையாது. இந்த ஒரு விதி தெரிந்தால் போதும், தாயின் ஊர் எதுவாக இருக்கலாம் என்று சில பெயர்களுக்குள் அடக்கிவிடலாம்.

இரண்டாவது தரப்பு கச்சு லேவா படேல்கள். குஜராத்தின் கச்சுப் பகுதியில் பூஜ் நகரைச் சுற்றிய மாதாபர், பல்தியா, கேரா, சுக்பர் போன்ற ஊர்க்காரர்கள். நைரோபியில் கட்டட வேலையில் பெயர் எடுத்தவர்கள். இன்று ஹாரோ, கென்டன் பக்கம் அதிகம். இவர்களில் பலருடைய குடும்பப் பெயர் படேலே அல்ல. ஹிரானி, ஹலாய், வேகரியா, பிண்டோரியா, புடியா, கேராய், வர்சானி என்று இருக்கும். படேல் என்று மட்டும் தேடினால் இந்தச் சமூகத்தில் பெரும்பகுதி கண்ணிலேயே படாது.

மூன்றாவது தரப்பைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள்: பரூச் மாவட்டத்து முஸ்லிம் படேல்கள். தங்காரியா, மனுபர், கந்தாரியா போன்ற ஊர்களைச் சேர்ந்த சுன்னி வோரா உழவர்கள். ஊர்த் தலைமையோடு வந்த பெயரை மதம் மாறியும் விடவில்லை. இவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவைச் சுற்றாமல் நேராக இங்கிலாந்து வந்து, 1950, 60களில் லங்காஷயரிலும் யார்க்‌ஷயரிலும் பஞ்சாலை வேலைக்குச் சேர்ந்தார்கள். பிளாக்பர்ன், போல்டன், பிரெஸ்டன், பாட்லி என்று வடக்கே படேல் தெரிந்தால் முதலில் இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2000இல் பிரபுக்கள் சபைக்குப் போன ஆடம் படேல் பிளாக்பர்ன்காரர், பிறந்தது பரூச். அவரையும், உகாண்டாவிலிருந்து வந்த பெற்றோருக்கு லண்டனில் பிறந்த முன்னாள் உள்துறை அமைச்சர் பிரீத்தி படேலையும், நைரோபியிலிருந்து வந்த பெற்றோருக்கு ஹாரோவில் பிறந்த நடிகர் தேவ் படேலையும் ஒரே பெயர் என்பதற்காக ஒரே கூடையில் போட முடியாது.

இவர்களோடு வட குஜராத்தின் கட்வா பட்டிதார்கள், நவ்சாரி, சூரத் பக்கத்து மதியா பட்டிதார்கள், கோளி என்ற வேறொரு சமூகத்துப் படேல்கள் ஆகியோரும் உண்டு. மும்பைப் பார்சிகளிலும் படேல் குடும்பங்கள் உண்டு. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து இரட்டித்து எழுதியிருந்தால் பார்சியாக இருக்கலாம் என்று ஒரு குறிப்பு போட்டுவையுங்கள்.

பிரித்தறிய முதல் துப்பு முதற்பெயர்தான். இப்ராஹிம், யூசுப் என்றால் பரூச் வழி. ராவ்ஜிபாய், சோமாபாய் என்றால் இந்து. கச்சு குடும்பங்களில் கான்ஜி, வெல்ஜி, லால்ஜி போன்ற பெயர்கள் அடிக்கடி வரும். ஆனால் இது துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல.

படி 3: பயணத்தின் ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

சரோத்தரில் 1899–1900 பெரும் பஞ்சம், அதைத் தொட்டுக்கொண்டு பிளேக். நிலத்துண்டுகளோ பங்கு பிரிந்து பிரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன. அதே காலத்தில்தான் பிரிட்டிஷார் மொம்பாசாவிலிருந்து உகாண்டா ரயில் பாதையைப் போட்டார்கள் (1896–1901). பாதை போட்ட கூலிகள் பெரும்பாலும் பஞ்சாபிகள். ‘ரயில் போட வந்தவர்கள் படேல்கள்’ என்று பலர் எழுதுவது சரியல்ல. ரயில் ஓடத் தொடங்கிய பின் குமாஸ்தாவாக, ஸ்டேஷன் மாஸ்டராக, கடைக்காரராக வந்தவர்களே இவர்கள்.

அடுத்து நான்கு ஆண்டுகள் முக்கியம். 1962: காமன்வெல்த் குடியேற்றச் சட்டம்; அதற்குமுன் தடையின்றி வரலாம், அதன்பின் வேலை வவுச்சர் வேண்டும். பரூச் ஆட்கள் இந்த வாசல் மூடுவதற்கு முன்னும் வவுச்சரிலும் வந்தார்கள். 1968: கென்யாவில் வேலையும் வியாபார உரிமமும் குடிமக்களுக்கே என்றானதால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த ஆசியர்கள் கிளம்பினார்கள். பிரிட்டன் மார்ச்சில் அவசரச் சட்டம் போட்டு அந்தப் பாஸ்போர்ட்டுக்கே வரம்பு கட்டியது. 1971: தான்சானியா வாடகைக் கட்டடங்களை அரசுடைமை ஆக்கியது. 1972 ஆகஸ்ட்: உகாண்டாவின் ஆட்சியாளர் இடி அமீன் அங்கிருந்த ஆசியர்கள் வெளியேற 90 நாள் கெடு வைத்தார். சுமார் 27,000 முதல் 28,000 பேர் பிரிட்டன் வந்தார்கள்.

லெஸ்டர் நகரசபை அப்போது ‘உகாண்டா ஆர்கஸ்’ பத்திரிகையில், எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று விளம்பரமே கொடுத்தது. வந்தார்கள். கென்யாவிலிருந்து வந்த உறவினர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள், பின்னலாடை ஆலைகளில் வேலை இருந்தது. தங்க இடமும் சம்பளமும் கிடைக்கும் ஊரை விட்டுவிட்டு யாராவது விளம்பரத்தைப் பார்த்துத் திரும்பிப் போவார்களா? பெல்கிரேவ் சாலையின் இன்றைய நகைக்கடைகளும் புடவைக்கடைகளும் அப்படி வந்தவை.

படி 4: வரைபடத்தைச் சந்தேகத்தோடு படியுங்கள்

குடும்பப் பெயர்ப் பரவலைக் காட்ட இணையத்தில் இலவச வரைபடங்கள் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் புவியியலாளர்கள் உருவாக்கியது பயனுள்ளது. 19ஆம் நூற்றாண்டுக் கணக்கெடுப்பையும் சமீபத்திய முகவரிப் பட்டியல்களையும் அருகருகே வைத்துக் காட்டும். 2016இல் வந்த ஆக்ஸ்போர்டு குடும்பப் பெயர் அகராதியும் குடியேறியவர்களின் பெயர்களைச் சேர்த்திருக்கிறது; பெரிய நூலகங்களில் கேட்டுப் பார்க்கலாம்.

வரைபடத்தின் அடியில் இருக்கும் தரவு பெரும்பாலும் வாக்காளர் பட்டியல்தான். காமன்வெல்த் குடிமக்களுக்குப் பிரிட்டனில் வாக்குரிமை இருப்பதால், இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்த படேலும் பட்டியலில் வந்துவிடுவார். இது நல்லது. ஆனால் 2002க்குப் பின் பொதுவில் விற்கப்படும் பட்டியலிலிருந்து பெயரை விலக்கிக்கொள்ளலாம் என்றானது. நிறையப் பேர் விலக்கிக்கொண்டார்கள். எனவே எண்ணிக்கையை நம்பாதீர்கள், இடத்தை நம்பலாம்.

பழைய கணக்கெடுப்பில் படேல் என்று ஒன்றிரண்டு அகப்பட்டால் துள்ளிக் குதிக்க வேண்டாம். கையெழுத்தைத் தட்டச்சு செய்தவர் பேட்டி, பேட்டர் போன்ற ஆங்கிலப் பெயரைத் தவறாகப் படித்திருக்கலாம். மூலப் படத்தைத் திறந்து, அந்த வீட்டில் மற்றவர்களின் பெயரையும் பிறந்த ஊரையும் பாருங்கள்.

பிரிட்டன் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வரைபட முறை சரிப்பட்டு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் அப்பாவின் பெயரே பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக ஏறுவதால் தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடும்.

படி 5: சான்றிதழுக்குள் போங்கள்

கணக்கெடுப்பு இந்த வேலைக்கு உதவாது. நூறு ஆண்டு பூட்டு உண்டு. 1921 வரைதான் திறந்திருக்கிறது. இங்கிலாந்து–வேல்ஸின் 1931 ஏடுகள் 1942இல் தீயில் போயின. 1941இல் போர் என்பதால் எடுக்கவே இல்லை. 1951 திறக்க 2052 ஆகும். ஆகவே பிறப்பு, திருமணப் பதிவுகள்தான் கதி. இங்கிலாந்து–வேல்ஸ் அட்டவணைகளைத் தன்னார்வலர்கள் எழுதி ஃப்ரீபிஎம்டி என்ற இலவசத் தளத்தில் போட்டிருக்கிறார்கள்.

1911 செப்டம்பர் காலாண்டிலிருந்து பிறப்பு அட்டவணையில் தாயின் கன்னிப் பெயரும் இருக்கும். ஒரு கற்பனை வரியைப் பாருங்கள்: ‘படேல், கிரிட் எம்., தாய்: படேல், லெஸ்டர்’. அப்பாவும் படேல், அம்மாவும் படேல். இது பிழை அல்ல. கோளுக்குள் கல்யாணம் என்பதால் இரண்டு வீட்டுக்கும் ஒரே குடும்பப் பெயர், ஊர்தான் வேறு. இப்படிப்பட்ட வரிகள் ஒரே காலாண்டில் ஒரே நகரில் பல இருக்கும். தனித்துக் காட்ட ‘எம்.’ என்ற அந்த ஓர் எழுத்துதான் உதவும்.

அந்த எழுத்து என்ன என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நம் இனிஷியல் மாதிரி அது அப்பாவின் பெயர். குஜராத்தியில் சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசை: வல்லபாய் ஜவேர்பாய் படேல் என்றால் ஜவேர்பாயின் மகன் வல்லபாய். பெண்களுக்குக் கல்யாணமானதும் நடுப்பெயர் கணவர் பெயராக மாறும், படேல் அப்படியே இருக்கும். கமலாபென் மணிபாய் படேல், கமலாபென் ராவ்ஜிபாய் படேல் ஆவார். ‘பாய்’, ‘பென்’ ஒட்டுகளை ஒரு குமாஸ்தா சேர்த்து எழுதியிருப்பார், இன்னொருவர் பிரித்து எழுதியிருப்பார், மூன்றாமவர் விட்டே இருப்பார். மூன்று விதமாகவும் தேடுங்கள்.

அட்டவணையோடு நிற்காமல் முழுச் சான்றிதழைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். 1969 ஏப்ரல் முதல் ஆங்கிலேயப் பிறப்புச் சான்றிதழில் தாய், தந்தை இருவரின் பிறந்த இடமும் எழுதப்படுகிறது. இந்தத் தேடலில் இதைவிட மதிப்புள்ள கட்டம் வேறு இல்லை. 1973இல் லெஸ்டரில் பிறந்த குழந்தையின் சான்றிதழில் தந்தைக்கு ‘கம்பாலா’, தாய்க்கு ‘சோஜித்ரா, இந்தியா’ என்று இருந்தால் உகாண்டா வழி, சரோத்தர் வேர், பெண் எடுத்தது ஊரிலிருந்து என்று மூன்று செய்தி ஒரே தாளில் கிடைத்துவிடும். திருமணச் சான்றிதழில் இரு தரப்பிலும் தந்தையின் முழுப் பெயரும் தொழிலும் இருக்கும். தாயின் பெயர் 2021 மே மாதம் முதல்தான். உயிரோடு இருப்பவர்களின் தாளை வாங்குவது சட்டப்படி சரி என்றாலும், அவர்களைக் கேட்காமல் வெளியிட வேண்டாம்.

தாய் தந்தை பிறந்த இடம் நைரோபி அல்லது கம்பாலா என்று மட்டும் இருந்தால் ஊர் இன்னும் ஒரு தலைமுறை பின்னால் இருக்கிறது என்று பொருள். அப்போது அடுத்த படி.

படி 6: கப்பல் பட்டியலும் கெசட்டும்

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1878 முதல் 1960 வரை வந்திறங்கியவர்களின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன; கட்டணத் தளங்களிலும் பார்க்கலாம். பெயர், வயது, தொழில், இறங்கியபின் தங்கும் முகவரி எல்லாம் இருக்கும். இதில் இரண்டு ஓட்டைகள். ஐரோப்பியத் துறைமுகங்களிலிருந்து வந்த கப்பல்கள் இதில் சேராது. மொம்பாசாவிலிருந்து இத்தாலி வரை கப்பலில் வந்து அங்கிருந்து ரயிலேறியவர்கள் அகப்பட மாட்டார்கள். விமானத்தில் வந்தவர்களும் இல்லை. 1972இல் வந்தவர்களை இங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கென்யா கெசட் (அரசிதழ்) இதழ்கள் கூகுள் புக்ஸில் கிடைக்கின்றன. இறந்தவர்களின் சொத்து அறிவிப்பு, உரிமங்கள் என்று படேல்கள் வரிசையாக வருவார்கள். லண்டன் கெசட்டில் குடியுரிமைப் பட்டியலில் தேடாதீர்கள்; காமன்வெல்த் குடிமக்கள் அந்தப் பட்டியல் வழியாக வரவில்லை. ஆனால் அதே கெசட்டின் மரணச் சொத்து அறிவிப்புகளில் முகவரியும் தொழிலும் இருக்கும். செய்தித்தாள் கடை, தபால் நிலையம், மருந்துக்கடை என்று தொழில் வந்தால் 1984 வரையான தொலைபேசிப் புத்தகங்களில் அந்தக் கடையைப் பிடிக்கலாம். 1947க்குப் பிந்தைய வாக்காளர் பட்டியல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் முழுமையாக உள்ளன. தெருவாரியாக இருப்பதால் முகவரி கையில் இருந்தால்தான் பயன்.

படி 7: ஊரில் முடிச்சைப் போடுங்கள்

ஊர் பெயர் கிடைத்துவிட்டால் மூன்று வழிகள். முதலாவது, பிரிட்டனிலேயே இருக்கும் ஊர்ச் சங்கங்கள். ஆறு ஊர் வட்டத்துக்கும், மற்ற வட்டங்களுக்கும், கச்சு லேவா படேல்களுக்கும் சங்கம் உண்டு. பல சங்கங்கள் குடும்ப விவரத்தோடு டைரக்டரி அச்சிட்டிருக்கின்றன. கேட்கும்போது ஊர், வட்டம், தாத்தா பெயர் மூன்றையும் சொன்னால்தான் பதில் வரும். ‘படேல் குடும்பம்’ என்று மட்டும் கேட்டால் சிரிப்பார்கள்.

இரண்டாவது, வஹிவஞ்சா பரோட். குடும்ப வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக ஏட்டில் எழுதி வைத்து, வீடு வீடாக வந்து படித்துக் காட்டிக் காணிக்கை வாங்கும் மரபுக்காரர்கள். உங்கள் ஊருக்கு எந்தப் பரோட் குடும்பம் என்று ஊர்ப் பெரியவரிடம் விசாரியுங்கள். ஏட்டில் பெரும்பாலும் ஆண் வழி மட்டுமே இருக்கும். பழைய தலைமுறைகளைப் பெருமைக்காக நீட்டியும் இருப்பார்கள். அண்மைய நாலைந்து தலைமுறைகளைச் சான்றிதழோடு ஒத்துப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, என் கணிப்பில் பலரும் மறப்பது, ஊர்க் கட்டடங்கள். தர்மஜ் போன்ற சரோத்தர் ஊர்களில் பள்ளிக்கூடம், நூலகம், மருத்துவமனை எல்லாம் வெளிநாட்டுப் பணத்தில் எழுந்தவை. சுவரில் நன்கொடையாளரின் பெயர், தந்தை பெயர், படேல் என்று பொறித்து, பக்கத்தில் ‘ஹால் நைரோபி’ அல்லது ‘ஹால் லண்டன்’ என்றிருக்கும். தற்போது வசிப்பது அங்கே என்று அர்த்தம். ஆண்டும் இருந்தால் கல்வெட்டே பயணக் குறிப்பாகிவிடும். நேரில் போக முடியாதவர்கள் ஊரில் யாரையாவது போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். ஜனவரி 12 தர்மஜ் தினம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் திரும்பும் நாள். கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் அன்று ஒரே இடத்தில் இருப்பார்கள்.